பழைய வீட்டில் சூட்டையும் கரண்டு பில்லையும் குறைப்பது எப்படி? சுங்கை சிப்புட் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். நான் ஏறி இறங்கும் வீடுகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம், தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே வந்தது. அப்பாவின் சேமநிதிப் பணத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். இடுப்பளவுக்குக் கல் சுவர், அதற்கு மேல் பலகை, தலைக்கு மேல் தகரம் என்று எழுபதுகளிலோ எண்பதுகளிலோ வீடு எழும்பியது. அப்புறம் பின்னால் ஓர் அடுப்படி, பக்கத்தில் ஒரு குளியலறை, மகன் கல்யாணத்துக்கு முன்னால் இன்னோர் அறை. இன்று அதே வீட்டில் மூன்று ஏர்கோன் ஓடுகிறது. ஆனாலும் மதியம் கூடத்தில் உட்கார முடியவில்லை, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்தால் மயக்கம் வருகிறது.

வேலைக்குப் போகும் இடத்திலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து, பதிலை எழுதியிருக்கிறேன்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கூரையிலிருந்து. யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்.

நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. வருடம் முழுக்க நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில்தான் நிற்கும். அதனால் மாடியில்லாத வீட்டில் வெயிலை அதிகம் வாங்குவது சுவரும் அல்ல, ஜன்னலும் அல்ல, கூரைதான். தகரம் சூடேறி, அந்தச் சூடு சீலிங்குக்கு இறங்கி, சீலிங் நம் தலைமேல் அடுப்பு மாதிரி அனலடிக்கிறது. அறைக் காற்று அவ்வளவு சூடாக இல்லாவிட்டாலும் உடம்பு எரிவது இதனால்தான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நல்ல வெயில் நாளில், மதியம் 3 மணிக்கு, நாற்காலியில் ஏறிச் சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு இறங்கி, வெயில் படாத உள்சுவரில் அதே கையை வையுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். போன வருடம் ஒரு வீட்டில் பலகை அலமாரிக்கு மேலே, சீலிங்குக்கு ஒரு முழம் கீழே, மாதா படத்துக்கு முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். ஏற்றாத மெழுகுவர்த்திதான், இரண்டும் தலை குனிந்து நின்றன. அந்த அறையில் 1.5 குதிரைசக்தி ஏர்கோன் போட்டும் குளிரவில்லை என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏர்கோனில் ஒரு குறையும் இல்லை.

தகரக் கூரைக்கு வெள்ளைச் சாயம் அடித்தால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

இருக்கிறது. செலவோடு ஒப்பிட்டால் இதைவிட நல்ல பலன் தரும் வேலை குறைவு. துருப்பிடித்துக் கறுத்த தகரம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைச் சாயமோ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

“எங்கள் வீட்டுத் தகரம் புதுசு, பளபளவென்று இருக்கிறது, அதற்கு எதற்குச் சாயம்?” என்று சிலர் கேட்கிறார்கள். பளபளக்கும் தகரம் வெளிச்சத்தைத் திருப்புவது உண்மைதான். ஆனால் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிரும் குணம் அதற்குக் குறைவு. அதனால்தான் புதுத் தகரத்தையும் வெயிலில் தொட முடிவதில்லை. வெள்ளைச் சாயம் இரண்டையும் செய்கிறது: வெயிலைத் திருப்புகிறது, ஏறிய சூட்டையும் வெளியே விடுகிறது.

சாயத்தைவிட அதற்கு முந்தைய வேலையில்தான் விஷயம் இருக்கிறது. துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆணித் துளைகளை அடைக்க வேண்டும். பாசியைக் கழுவிக் காயவிட்டு, துருத் தடுப்பு அடிச்சாயம் பூசி, அதன்மேல்தான் வெள்ளை வர வேண்டும். நம் ஊர் ஈரத்தில் வெள்ளைக் கூரை சீக்கிரமே அழுக்கேறிப் பாசி படியும், படிந்தால் பலனும் குறையும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழுவிவிடுங்கள். துருவில் ஓட்டை விழுந்த தகரத்துக்குச் சாயம் அடிக்காதீர்கள், அதை மாற்றத்தான் வேண்டும்.

கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் போட்டோம். ஆனால் சூடு குறையவே இல்லையே, ஏன்?

என் சொந்த வீட்டிலேயே இது நடந்தது. அப்போது நான் இந்தத் தொழிலில் புதியவன். அம்மா வீட்டுக் கூரையை ஒரு குத்தகைக்காரரிடம் கொடுத்தோம். அவர் தாளை விரித்து, அதன்மேல் தகரத்தை நேராக வைத்து ஆணி அடித்துவிட்டுப் போய்விட்டார். வீடு முன்பு போலவே கொதித்தது. “தாள் போட்டாச்சே தம்பி, இன்னும் ஏன் இப்படி?” என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஒரு வருடம் கழித்துத்தான் காரணம் புரிந்தது.

அலுமினியத் தாள் வேலை செய்வது கண்ணாடி மாதிரி. கதிராக வரும் சூட்டை அது திருப்பும். கதிராக வர வேண்டுமென்றால் நடுவில் காற்று இடைவெளி இருக்க வேண்டும். தகரமும் தாளும் ஒட்டிக்கொண்டிருந்தால் சூடு இரும்புக் கரண்டியில் ஏறுவது போலத் தொட்டுத் தொட்டு இறங்கிவிடும். தாளின் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே குறைந்தது ஓர் அங்குலம் காலியாக இருக்கட்டும். பளபளப்பான பக்கம் கீழே பார்த்திருந்தால் இன்னும் நல்லது. மேலே பார்த்தால் காலப்போக்கில் தூசி படிந்து மங்கிவிடும், கீழ்ப் பக்கத்தில் தூசி உட்காராது. அது எப்படிச் சூட்டைத் தடுக்கும் என்று கேட்பீர்கள். பளபளப்பான பரப்பு தன் சூட்டைக் கதிராக வெளியே விடவும் மறுக்கும், அதனால்தான்.

அம்மா வீட்டில் தகரத்தைக் கழற்றி, சட்டத்துக்கு மேல் இன்னொரு சிறிய சட்டம் அடித்து, மறுபடி தகரத்தை ஏற்றினேன். அதே தாள், அதே தகரம். அன்றைக்கு மதியம் அம்மா கூடத்துத் தரையில் பாய் விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

ராக்வூலா, அலுமினியத் தாளா? எது நல்லது?

முடிந்தால் இரண்டும். தாள் கதிராக வரும் சூட்டைத் தடுக்கும், கல்லிழைப் பஞ்சான ராக்வூல் தொட்டுத் தொட்டு இறங்கும் சூட்டைத் தடுக்கும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஏர்கோன் இல்லாத, காற்றாடியை நம்பிய வீட்டுக்குத் தாளும் வெள்ளைச் சாயமும் போதும். ஏர்கோன் போடும் அறைக்கு மேலே ராக்வூல் பரப்புங்கள். இரண்டு அங்குலம் போட்டாலே ஏர்கோன் நின்று நின்று ஓடுவதைக் கேட்கலாம். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ வரும். அதனால் பழைய சீலிங் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய வயர்களை ராக்வூலுக்குள் புதைக்காதீர்கள், சூடு வெளியேற முடியாமல் வயரின் உறை உருகும். மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டிக்குள் வரும் வெள்ளை நுரைப் பலகையைக் கூரைக்குள் அடைப்பவர்களும் இருக்கிறார்கள். தீப்பிடித்தால் அது ஓடி எரியும், தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, பலர் பிறகு என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொல்வது: மழைச் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். தகரத்தில் மழை கொட்டும்போது டிவி கேட்காது, தொலைபேசியில் பேச முடியாது, குழந்தை விழித்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியும்தானே.

எங்கள் சீலிங் பழைய ஆஸ்பெஸ்டாஸ் பலகை. கழற்றிவிடலாமா?

நீங்களாகத் தொடாதீர்கள். உடையாமல், பொடியாமல் இருக்கும்வரை அதனால் உடனடி ஆபத்து குறைவு. அறுத்தாலும் துளைத்தாலும் சுத்தியலால் தட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். அது நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். பழைய மலிவு வீடுகளில் சாம்பல் நிற அலைக் கூரையும் தட்டையான சீலிங் பலகையும் இந்த வகையாக இருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு நடங்கள். அதை அப்படியே விட்டு, அதற்குக் கீழே புதுச் சீலிங் அடிப்பது ஒரு வழி. கழற்றத்தான் வேண்டுமென்றால், முகமூடியும் பாதுகாப்பு உடையும் உள்ள, அந்த வேலை தெரிந்தவர்கள் நனைத்து, முழுப் பலகையாக இறக்கி, உறையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். உடைத்து வீட்டுக்குப் பின்னால் புதைப்பதும் ஆற்றங்கரையில் கொட்டுவதும் பாவம்.

இந்தக் கூரைமேல் ஏறி நடக்கவும் கூடாது. வயதான ஆஸ்பெஸ்டாஸ் முறுக்கு மாதிரி நொறுங்கும். ஆள் நேராக உள்ளே விழுவார்.

கூரையில் சுற்றுகிறதே, அந்த டர்பைன் உருண்டை வைக்கலாமா?

கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் சிக்கிய சூட்டை வெளியேற்ற அது உதவும். ஆனால் வெளியே போகும் காற்றுக்குச் சமமாக உள்ளே வரக் காற்று வேண்டும். கூரை விளிம்பில், மழைத் தண்ணீர் ஓடும் பக்கத்துக்கு அடியில், வலை அடித்த துளைகள் இல்லாவிட்டால் உருண்டை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். முக்கோணச் சுவரின் இரண்டு பக்கமும் துளையுள்ள காற்றுக்கல் வைத்தால் பல வீடுகளுக்கு அதுவே போதும். வலை கட்டாயம் அடியுங்கள், இல்லையென்றால் எலியும் குருவியும் குடியேறிவிடும்.

மேற்குப் பக்க அறையில் ராத்திரி 10 மணிக்கும் வெக்கை அடங்கவில்லை. என்ன செய்வது?

மேற்குச் சுவர் மதியத்திலிருந்து வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அதை உள்ளே விடுகிறது. கல் சுவரின் குணம் அது. பலகைச் சுவர் அப்படியில்லை, வெயில் போனதும் சீக்கிரமே ஆறிவிடும். பழைய ஆட்கள் படுக்கையறையைப் பலகையில் விட்டதற்கு வசதிக்குறைவு மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறேன். இப்போது பலகையை இடித்துக் கல் சுவர் எழுப்புகிறவர்கள் மேற்குப் பக்கத்தை மட்டுமாவது யோசித்துச் செய்யுங்கள்.

வழி ஒன்றுதான்: வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே மறிக்க வேண்டும். உள்ளே தடித்த திரை போடுவது இரண்டாம்பட்சம், ஏனென்றால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. வெளியே தொங்கும் மூங்கில் திரையான பிடாய் மலிவு, பலன் பெரிது. சுவருக்கு இரண்டடி தள்ளிப் பந்தல் போட்டுப் பாகற்காயோ அவரையோ படரவிட்டால் சமையலுக்கும் ஆயிற்று. இடம் இருந்தால் முருங்கையோ வேம்போ வையுங்கள். வேர் கழிவு நீர்க் குழாய்க்குள் போகாத தூரத்தில் வையுங்கள். கொடியைச் சுவரிலேயே படரவிடாதீர்கள், பலகையாக இருந்தால் ஈரம் தங்கிக் கரையான் வரும். சுவருக்கு வெளிர் நிறச் சாயம் அடிப்பதும் உதவும்.

கார் நிறுத்தும் இடத்துக்கு ஆவ்னிங் என்ற முன்கூரை போட்ட பிறகு கூடம் இன்னும் சூடாகிவிட்டதே?

நீங்கள் போட்டது ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்டாக இருக்கும். அதற்குக் கீழே சிமெண்டுத் தரை சூடேறி, அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் கூடத்து ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. வெளிச்சம் புகாத தகரத்தை, அடியில் தாளோ நுரையோ ஒட்டியதாகப் பார்த்துப் போட்டு, வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் சூட்டுக் காற்று மேலே போகச் சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைச் சாரல் வராதபடி அதை மூடித் தகடு வைக்க முடியும்.

வாசல் முழுவதையும் டைல்ஸ் போட்டு மூடிவிடுகிறோம். ஒரு மூலையிலாவது மண்ணை விடுங்கள். கறிவேப்பிலையும் துளசியும் வளர்வதற்கு மட்டுமல்ல, அந்த மண்தான் சாயங்காலம் வீட்டு வாசலை ஆற்றும்.

பழைய நாக்கோ ஜன்னலை எடுத்துவிட்டு ஸ்லைடிங் ஜன்னல் வைக்கலாமா?

காற்றாடியை நம்பிய அறை என்றால், வேண்டாம். கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கும் ஜன்னல்தான் நாக்கோ, அதைத் திறந்தால் ஏறக்குறைய முழு ஜன்னலும் திறக்கும். மழை பெய்யும்போதுகூடச் சாய்த்து வைத்துக் காற்று வாங்கலாம். ஸ்லைடிங்கில் எப்போதும் பாதி மூடித்தான் இருக்கும். பார்ப்பதற்கு நவீனமாக இருக்கிறது என்று மாற்றியவர்கள் அடுத்த மாதமே ஏர்கோன் வாங்கப் போகிறார்கள். கண்ணாடிப் பட்டை உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், பிடி துருப்பிடித்திருந்தால் அதுவும் வன்பொருள் கடையில் கிடைக்கும்.

ஏர்கோன் போடும் அறைக்கு இது பொருந்தாது. நாக்கோ இடுக்கில் குளிர் முழுக்க வெளியே போகும். அந்த ஓர் அறைக்கு மட்டும் இறுக்கமாக மூடும் ஜன்னல் வையுங்கள். கதவுக்கு மேலே உள்ள காற்றுத் துளைகளையும் அந்த அறையில் மட்டும் அடையுங்கள். வீடு முழுக்க அடைத்துவிடுகிறார்கள், அதுதான் தவறு.

அடுப்படியைப் பின்சுவர் வரை இழுத்துக் கட்டினோம். அதிலிருந்து வீட்டில் காற்றே இல்லை.

இந்த ஊரில் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. முன்கதவு வழியாக வந்த காற்று பின்கதவு வழியாகப் போகும்படிதான் உங்கள் வீட்டை முதலில் கட்டியிருந்தார்கள். பின்னால் அடைத்ததும் காற்று முன்னாலேயே நின்றுவிட்டது. போவதற்கு வழி இல்லாத காற்று வரவும் வராது.

நம் நாட்டுக் கட்டட விதிகளில் ஓர் அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் வெளிச்சத்துக்கும், 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் காற்று புகும் திறப்புக்கும் இடம் விடச் சொல்கிறார்கள். இழுத்துக் கட்டும்போது இதை மறந்துவிடுகிறோம். இப்போது செய்யக்கூடியது: அடுப்படிக் கூரையின் ஒரு பகுதியை ஓரடி உயர்த்தி, பக்கவாட்டில் காற்றுக்கல்லோ நாக்கோவோ வையுங்கள். சூட்டுக் காற்று தானாக மேலே ஏறி வெளியே போகும், வீட்டுக் காற்றையும் தன்னோடு இழுக்கும். பழைய லயங்களில் அடுப்படிக்குக் கூரைமேல் கூரை வைத்திருந்தது விறகுப் புகைக்காகத்தான், ஆனால் அதே வேலையைத்தான் அதுவும் செய்தது. நகராண்மைக் கழகத்தின் அனுமதி பெற்றுச் செய்யுங்கள். அது முடியாவிட்டால், அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் காற்றாடி ஒன்று வைத்து, தாளிக்கும் நேரத்தில் மட்டும் போடுங்கள்.

யூடியூபில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இடுக்கெல்லாம் அடைப்பது என்று காட்டுகிறார்களே?

அது குளிர் நாட்டு வைத்தியம். அங்கே உள்ளே 20 டிகிரி, வெளியே பனி. கணப்பு போட்ட சூடு வெளியே போகாமல் காக்கிறார்கள். நமக்கு ஏர்கோன் போட்டாலும் உள்ளுக்கும் வெளிக்கும் ஏழெட்டு டிகிரிதான் வித்தியாசம். நம் எதிரி நேர் வெயிலும் ஈரமும். இரட்டைக் கண்ணாடிக்குக் கொடுக்கும் பணத்தில் எல்லா ஜன்னலுக்கும் வெளியே நிழல் அமைத்துவிடலாம்.

அங்கே சுவருக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டச் சொல்வதையும் அப்படியே செய்யாதீர்கள். நம் ஊரில் ஈரம் வெளியேயிருந்து உள்ளே வருகிறது. ஏர்கோன் அறையில் அந்தத் தாளுக்குப் பின்னால் தண்ணீர் கோத்து, பூஞ்சை பிடித்து, பலகை ஊறிவிடும்.

எந்தக் காற்றாடி வாங்குவது?

சாதாரணச் சீலிங் காற்றாடி 70, 75 வாட் இழுக்கும். டிசி மோட்டார் வைத்தது அதே காற்றுக்கு 30 வாட்டோடு நிற்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 27 யூனிட், 11 யூனிட் என்று வித்தியாசம். வீட்டில் நான்கு காற்றாடி ஓடினால் கணக்கு நீங்களே போடலாம். பழையது கெடட்டும், அப்போது மாற்றுங்கள், நன்றாக ஓடுவதைக் கழற்ற வேண்டாம். காற்றாடி அறையைக் குளிர வைக்காது, ஆளைத்தான் குளிர வைக்கும். ஆளில்லாத அறையில் ஓடுவது வீண்.

ஏர்கோன் எத்தனை குதிரைசக்தி வேண்டும்?

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, கூரையைச் சரிசெய்திருந்தால், 1 குதிரைசக்தி போதும். கூரையைச் சரிசெய்யாவிட்டால் 1.5 போட்டும் திண்டாடுவீர்கள். ஆகவே கூரை வேலையை முடித்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள். முதலில் வாங்கிவிட்டால் தேவைக்கு மேல் பெரிதாகிவிடும். அளவுக்குப் பெரிய ஏர்கோன் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்காது. அறை குளிர்ந்தும் பிசுபிசுக்கும்.

ராத்திரி முழுக்க ஓடும் அறைக்கு இன்வெர்ட்டர் வகை வாங்குங்கள். எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர ஒட்டியைப் பாருங்கள், ஐந்து நட்சத்திரம் சிறந்தது. 2013இலிருந்து ஏர்கோன், குளிர்பெட்டி, காற்றாடி, டிவி, விளக்கு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் கட்டாயம். 25 டிகிரியில் வைத்துக் காற்றாடியையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள். 18இல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்வது நம் வீடுகளில் ஒரு பழக்கமாகிவிட்டது, அதைப் பிள்ளைகளிடம் பேசித்தான் மாற்ற வேண்டும். வடிகட்டியைக் கழற்றி மாதம் ஒருமுறை தண்ணீரில் கழுவுங்கள், ஐந்து நிமிட வேலை.

கரண்டு பில்லில் 600 யூனிட் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

2025 ஜூலை 1 முதல் மின்சார நிறுவனமான தெனாகாவின் கட்டண முறை மாறியது. இப்போது வீடுகளுக்கு மூன்று கட்டணம் சேர்ந்து வருகிறது: எரிசக்திக்கு யூனிட்டுக்கு 27.03 சென், மின் உற்பத்தித் திறனுக்கு 4.55 சென், மின்கம்பி வலையமைப்புக்கு 12.85 சென். கூட்டினால் 44.43 சென். மாதம் 1,500 யூனிட்டுக்கு மேல் போகும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 37.03 சென்னாக உயரும். இதில் 1,000 யூனிட் வரை பயன்படுத்துகிறவர்களுக்குச் சிக்கன ஊக்கத்தொகை கழிக்கப்படும். குறைவாகப் பயன்படுத்தினால் யூனிட்டுக்கு அதிகம் கழியும்.

600க்குள் நின்றால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் கிடையாது, மாதா மாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் கிடையாது. அதனால்தான் அந்த எண்ணுக்கு இவ்வளவு பேச்சு. உங்கள் பில் 650, 700 என்று நிற்கிறதா? ஒரே ஓர் ஏர்கோனின் நேரத்தைக் குறைத்தாலே கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம். 1,200இல் இருக்கும் வீட்டுக்கு அது எட்டாத தூரம், கூரை வேலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏர்கோனே இல்லை, ஆனாலும் பில் அதிகம். ஏன்?

சுடுநீர்க் கருவியைப் பாருங்கள். 3.6 கிலோவாட் கருவியில் ஒருவர் முழு வேகத்தில் 15 நிமிடம் குளித்தால் 0.9 யூனிட். நான்கு பேர் தினமும் குளித்தால் மாதம் 108 யூனிட். டிசி காற்றாடி பத்து ஓடினாலும் அவ்வளவுதான். சூட்டின் அளவைக் குறையுங்கள். மதியக் குளியலுக்குக் கருவியே தேவையில்லை, கூரைமேல் உள்ள தொட்டித் தண்ணீர் தானாகவே வெதுவெதுவென்று வரும்.

அடுத்தது, அடுப்படி மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டாவது குளிர்பெட்டி. தீபாவளிக்கும் விருந்துக்கும் என்று வைத்தது வருடம் முழுக்க ஓடுகிறது. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது.

பழைய வயரிங்கில் இதெல்லாம் தாங்குமா?

இந்தக் கேள்விக்குக் கூரைக்குச் சமமான முக்கியம் கொடுக்கிறேன். பீங்கான் பியூஸ் பெட்டி, துணி சுற்றிய வயர், ஒரே பிளக்கிலிருந்து நீட்டிப்பு வயரில் ஏர்கோன் என்று நான் பார்த்த வீடுகளை எண்ண முடியாது. ஏர்கோனுக்குத் தனி வயர் வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி கட்டாயம். குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லிஆம்பியர், கையில் பிடிக்கும் சாமான்களுக்கான பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்பியர் அளவில் அது துண்டிக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், மின்சாரம் நிற்காவிட்டால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைத்தான் வையுங்கள். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சீலிங்கைத் திறக்கும்போதே வயரிங்கையும் முடித்துவிட்டால் கூலி ஒருமுறையோடு போகும்.

சோலார் போடலாமா அண்ணே?

பில் மாதம் 100, 150 வெள்ளிக்குள் இருந்தால் அவசரப்படாதீர்கள். 300, 400 என்று போகும் வீட்டுக்கு, பகலில் ஆள் இருக்கும் வீட்டுக்கு நல்லதுதான். நம் ஊரில் ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாக 3 முதல் 4 யூனிட் கொடுக்கும். உபரி சோலார் மின்சாரத்தைப் பில்லில் கழித்த என்இஎம் திட்டம் 2025 நடுவில் முடிந்து, 2026இலிருந்து சோலார் அடாப் என்ற புதுத் திட்டம் வந்திருக்கிறது. உபரி மின்சாரத்துக்குக் கிடைக்கும் பில் கழிவு பழைய திட்டம் போல இல்லை, ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் பழைய திட்டத்தில் போட்ட கணக்கை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பலகைகள் 25 வருடம் உழைக்கும். உங்கள் தகரம் அவ்வளவு காலம் உழைக்குமா? கட்டை கரையான் தின்னாமல் இருக்கிறதா? கூரையை மாற்ற வேண்டுமென்றால் முதலில் மாற்றிவிட்டு, சூட்டைக் குறைத்து, குறைந்த பில்லுக்கு ஏற்றபடி சிறிய அளவில் போடுங்கள்.

நாங்கள் இன்னும் தோட்ட வீட்டில் இருக்கிறோம். அல்லது டிஓஎல் என்ற தற்காலிகக் குடியிருப்பு அனுமதி நிலத்தில். செலவு செய்யலாமா?

தோட்டத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. தொழிலாளர் குடியிருப்புக்கு 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீடமைப்புத் தரச் சட்டம் இருக்கிறது. கூரை ஒழுகினாலோ வயரிங் கெட்டாலோ எழுத்தில் முறையிடுங்கள், உங்கள் கைக்காசைப் போடாதீர்கள். டிஓஎல் அனுமதி ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31ஆம் தேதி முடிந்து, புதுப்பிக்க வேண்டியது. கழற்றி எடுத்துப் போக முடியாத எதிலும் பெரிய பணத்தை முடக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிடாய், டிசி காற்றாடி, எல்இடி விளக்கு, கூரைக்கு வெள்ளைச் சாயம், இவ்வளவு போதும். இவற்றிலேயே வீடு நன்றாக மாறும்.

அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். ஓர் அறைக்குத்தான் பணம் இருக்கிறது.

அவர்கள் மதியம் படுக்கும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்கும் அறையை அல்ல, மதியம் படுக்கும் இடத்தை. வயதானவர்களுக்கு வெக்கை உடம்பை வாட்டும் நேரம் அதுதான், நிறையப் பேர் தாகம் தெரியாமலே கிடப்பார்கள். அந்த அறைக்கு மேலே மட்டும் தாளும் ராக்வூலும், வெயில் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பிடாய், ஒரு டிசி காற்றாடி. காற்றாடியின் ரிமோட்டைக் கட்டில் சட்டத்தில் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். அப்பா அதைத் தேடி எழுந்து இருட்டில் விழுந்த கதையை இரண்டு வீட்டில் கேட்டுவிட்டேன்.

எந்த மாதத்தில் வேலையை வைத்துக்கொள்வது?

ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் வேண்டாம், மதியமானால் இடியும் மழையும்தான். ஜூன், ஜூலை பரவாயில்லை. எந்த மாதமானாலும் கூரை வேலைக்கு ஆட்களைக் காலை ஏழரைக்கே வரச் சொல்லுங்கள். ஒரு நாளில் மூடி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் தகரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். படுதா ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மேகம் லாசா மலைப் பக்கம் கறுத்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் படுதாவை விரித்துக் கட்டச் சொல்லுங்கள்.